மேட்டுக்கு வைத்த டைமிங்

நெமேசியா சுக்கிமியாவுக்கு முதல் வேலை வாங்கிக் கொடுத்தது அவளுடைய தொண்டைதான். ஏரிக்கரைக் கிராமத்திலிருந்து மலைமேட்டு நகரமான எல் ஆல்ட்டோவுக்குக் குடிவந்த வருடமே, கீழே பள்ளத்தில் இருக்கும் லா பாஸ் நகரத்துக்குச் சரிவில் இறங்கும் வேன் ஒன்றில் ஊர்ப்பெயர் கூவ ஆள் தேவைப்பட்டது. பக்கக் கதவில் ஒரு கால், வெளியே ஒரு கால் என்று நின்று அவள் கூவினாள். அவளுடைய குரல் சந்தைக் கடைசி வரை கேட்டது. கூவுகிறவளுக்கு உட்கார இடம் கிடையாது. வண்டி நிறைந்துவிட்டால் முன்சீட்டின் முதுகில் சாய்ந்துகொள்ள வேண்டியதுதான். அந்த வேன்களில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். அதனால் பல வருடங்கள் அவள் இன்ஜின் மீது சாய்ந்தபடியே வாழ்ந்தாள். எந்த மேட்டில் அது திணறும், எந்தச் சத்தத்துக்கு டிரைவர் கியரை மாற்றுவான் என்பதெல்லாம் கற்றுக்கொள்ளாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு அவள் ஓட்டக் கற்றாள். முப்பதைத் தாண்டியபின் உரிமம் வாங்கினாள். அகலப் பாவாடையும் பின்னல் ஜடையும் தொப்பியுமாக ஒரு பெண் ஸ்டியரிங் முன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து சிலர் ஏறாமல் அடுத்த வண்டிக்குக் காத்திருந்தார்கள். அடுத்த வண்டி வர நேரமானால் ஏறிக்கொண்டார்கள். இதைப் பற்றி அவள் வீட்டில் பேசியதில்லை.

வீட்டில் பேசியதெல்லாம் இன்ஜினைப் பற்றி. கணவன் ஃப்ரோயிலான் தார்க்கி மெக்கானிக். எல் ஆல்ட்டோவில் இன்ஜின் பிரிக்கிற வேலை மட்டுமே நடக்கும் ஒரு தெருவில் அவனுக்குத் தகரக் கொட்டகை இருந்தது. மலைமேல் ஒரு சுரங்கக் குடியிருப்பில் பிறந்தவன். எல் ஆல்ட்டோவைவிடத் தாழ்வான இடம் என்று அவன் பார்த்தது லா பாஸ் மட்டும். அதற்கும் கீழே யுங்காஸ் பள்ளத்தாக்குகளில் கொசு, வெயில், காய்ச்சல் என்று யாரோ சொன்னதை அப்படியே நம்பினான்.

அவர்களுடைய வேன் ஆயிரத்து எண்ணூறு சிசி. அது போதாது என்பது நெமேசியாவின் கட்சி.

"ஆயிரத்து எண்ணூறுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?" என்று அவன் ஒருமுறை கேட்டான்.

"ஏன் தெரியாம? நாலு சிலிண்டர். பிஸ்டன் கீழ இறங்குறப்ப ஒவ்வொண்ணும் அரை லிட்டருக்குக் கொஞ்சம் கொறைவா காத்தையும் பெட்ரோலையும் உறிஞ்சுது. மேல வந்து அமுக்குது. பொறி விழுது, வெடிச்சுக் கீழ தள்ளுது. திரும்ப மேல வந்து புகையைத் துப்புது. நாலு பேரும் உறிஞ்சுறதைக் கூட்டினா ஆயிரத்து எண்ணூறு. உன்ன மாதிரி ஆளுங்க கத்துறத எத்தனை வருஷம் கேட்டிருக்கேன்!"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. அப்புறம் என்ன?"

"உறிஞ்சுது, சரி. எதை உறிஞ்சுது? கடலோரத்துல அது நிறைஞ்ச டம்ளர். நம்ம ஊர்ல பாதிக்குக் கொஞ்சம் மேல. காத்து கொறைஞ்சா பெட்ரோலையும் கொறைக்கணும், வெடியும் கொறைஞ்சிடும். வண்டி பேர்லதான் ஆயிரத்து எண்ணூறு, இங்க ஓடுறது என்னவோ ஆயிரத்து நூறுதான். பெருசா ஒண்ணு வாங்கிப் போடு."

"பெரிய இன்ஜினுக்குத் தீனியும் பெருசு."

"நம்ம ஆளுங்க நெஞ்சைப் பாரு. பீப்பா கணக்கா இருக்கு. காத்து கம்மியான ஊர்ல பெரிய நெஞ்சு வேணும்னு நம்ம உடம்புக்கே தெரிஞ்சிருக்கு. வண்டிக்கு மட்டும் ஏன்யா கடற்கரைக்காரன் நெஞ்சு?"

"நெஞ்சு பெருசானா வாயும் பெருசாயிடும்னு உன்னப் பார்த்தாலே தெரியுது" என்று சொல்லிவிட்டு அவன் ஸ்பேனரை எடுத்தான்.

அவனுடைய வழி வேறு. அந்தத் தெருவின் வழியும் அதுதான். மெலிந்த காற்றில் கலவை மெதுவாக எரியும். பிஸ்டன் உச்சிக்கு வந்து நன்றாக இறங்கியபின் தீ முழுதாகப் பிடித்தால் தள்ளவேண்டிய தள்ளலில் பாதி வீண். அதனால் பொறியை முன்கூட்டியே விழவைத்துவிட வேண்டும். பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, காதை அதன் பக்கம் வைத்து, கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவான். இன்ஜினின் குரல் ஒரு இடத்தில் தெளியும். அங்கே இறுக்குவான். பொறி விழும் நேரத்துக்கு, அதாவது டைமிங்குக்கு, இன்ஜினில் கம்பெனி போட்டுக் கொடுத்த கோட்டை அந்தத் தெருவில் யாரும் பார்ப்பதில்லை. அது கடற்கரைக்காரர்களுக்காகப் போட்ட கோடு என்பது அவர்கள் எண்ணம். ஃப்ரோயிலான் டைமிங் வைத்த வண்டி சந்தை மேட்டில் மற்றவர்களை முந்தும். அதை நெமேசியாவாலும் மறுக்க முடியவில்லை. சச்சரவு பல வருடம் அந்த அளவிலேயே நின்றது.

பிறகு ரோப் கார் வந்தது. எல் ஆல்ட்டோவிலிருந்து லா பாஸுக்கு ஜனங்கள் தலைக்கு மேலே கண்ணாடிப் பெட்டிகளில் உட்கார்ந்து இறங்க ஆரம்பித்தார்கள். கீழே நெரிசலில் நிற்கும் வேன்களை அவர்கள் குனிந்து பார்ப்பது நெமேசியாவுக்கு வண்டிக்குள்ளிருந்தே தெரிந்தது. நகரத்துத் தடத்தில் வண்டி நிறைய முன்பைவிட இரண்டு மடங்கு நேரமானது. யுங்காஸ் பள்ளத்தாக்கில் உள்ள கோரோய்க்கோ ஊருக்குப் போகும் தடத்தில் ஒரு இடம் காலியாகிறது என்று கேள்விப்பட்டாள். அங்கே ரோப் கார் போக வாய்ப்பில்லை. அந்த இடம் கிடைக்காவிட்டால் வண்டியை விற்றுவிட்டுப் பழையபடி இன்னொருவன் கதவில் நின்று கூவ வேண்டியதுதான். அந்த வயதில் தொண்டை அவ்வளவு தூரம் போகாது.

அந்தத் தடத்துச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேர வருகிறவர் பயணிகளை நிறைத்துக்கொண்டு ஒரே நாளில் போய்த் திரும்பிக் காட்ட வேண்டும். சங்கத்தின் செயலாளர் முன்சீட்டில், நேராக இன்ஜினுக்கு மேல் உட்கார்ந்து வருவார். வழியில் அந்தச் சீட்டைத் தூக்கக் கூடாது. தூக்கினால் வண்டி தயாரில்லை என்று அர்த்தம்.

செயலாளர் செனோன் கனத்த ஆள். பின்னால் உட்கார அதே சங்கத்தின் இன்னொரு ஆளான பிரிமித்திவோவும் வந்திருந்தார். செனோன் சீட்டில் அமர்ந்ததும் வேன் ஒரு பக்கம் இறங்கியது.

"பாவாடை கிளட்சுல மாட்டிக்காதா தங்கச்சி?"

"உங்க வயிறு கியர்ல மாட்டாம பாத்துக்கோங்கண்ணே. அது போதும்."

பின்னால் சிரிப்பு எழுந்தது. செனோனும் சிரித்தார். "எத்தனையோ வருஷமா இந்தச் சீட்டுல உக்காந்துதான் ஆள் எடுக்குறேன். என் பின்பக்கத்துக்குத் தெரியாத இன்ஜின் கிடையாது."

கோரோய்க்கோவுக்கு இறங்க வேண்டுமென்றால் முதலில் ஏற வேண்டும். லா பாஸை விட்டதும் பாதை கும்ப்ரே கணவாய் வரை மேலே போகிறது. ஏற்றம் முழுவதையும் வேன் மூன்றாவது கியரில் எடுத்தது. செனோன் புருவத்தைத் தூக்கி, பின்னால் பிரிமித்திவோவைத் திரும்பிப் பார்த்தார். கணவாயில் நெமேசியா இறங்கி நாலு சக்கரத்திலும் கொஞ்சம் சாராயம் தெளித்தாள். பூமித்தாய்க்கு மண்ணில் ஊற்றினாள். சாலையோரத்து நாய்களுக்கு ரொட்டி எறிந்தாள். எல்லா டிரைவரும் செய்வதுதான். அதில் குறை வைக்கவில்லை.

பிறகு இறக்கம். மேகத்துக்குள் நுழைந்து மேகத்தை விட்டு வெளியே வந்தார்கள். காது அடைத்தது. கம்பளிகள் ஒவ்வொன்றாக மடிக்கு வந்தன. இறக்கம் முழுவதும் அவள் கால் பிரேக்கில்தான் இருந்தது. இன்ஜினிடம் எதுவும் கேட்கவில்லை, அதுவும் எதுவும் சொல்லவில்லை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் கோரோய்க்கோவுக்கு ஏறும் கல் பாவிய பாதை தொடங்கியது. அங்கே ஆக்சிலரேட்டரை அழுத்தினாள்.

வேன் பாய்ந்தது. அவளுடைய கைக்கு அந்த வண்டி அப்படி ஒரு இழுப்பை ஒருநாளும் காட்டியதில்லை. டம்ளர் நிறைந்துவிட்டது என்று நினைத்தாள். ஒரு கணம் சிறுபெண்போல் சந்தோஷமாக இருந்தது. ஆயிரத்து எண்ணூறும் இருந்தது, முழுசாக.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவதுபோல. முதலில் பாதைக் கற்கள் அடியில் தெறிக்கின்றன என்று எண்ணினாள். காலை எடுத்தாள், நின்றது. அழுத்தினாள், மறுபடி வந்தது.

"அம்மா, உள்ள பட்டாணி வறுக்கிறீங்களா? எங்களுக்கும் கொஞ்சம் குடுங்க" என்றான் பின்னாலிருந்த ஒருவன்.

செனோன் சீட்டில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

வளைவில் ஓரமாக நிறுத்தி அவள் ஃப்ரோயிலானுக்குப் போன் செய்தாள்.

"நாக் அடிக்குதுய்யா."

"பெட்ரோல்ல கலப்படம் பண்ணியிருப்பான்."

"நம்ம தெருமுனையிலதான போட்டேன்."

"அப்ப வெயிலு. கொஞ்சம் ஆற விடு."

"வெயில் இல்ல. நீ வெச்ச டைமிங்."

"என் டைமிங்ல இந்தத் தெருவே ஓடுது, நெமே" என்றான்.

"தெரு அங்க இருக்கு. நான் இங்க இருக்கேன்" என்று சொல்லி வைத்தாள்.

மேட்டில் கலவை மெதுவாக எரியும் என்று நம்பி முன்கூட்டியே வைத்த நெருப்பு அது. இங்கே கலவை அடர்த்தி. சட்டென்று எரிந்துவிடுகிறது. பிஸ்டன் இன்னும் மேலே வந்துகொண்டிருக்கும்போதே வெடி எதிரில் வந்து மோதுகிறது. ஒரு மூலையில் பற்றிய தீயின் அமுக்கத்தில் மறுமூலையில் இருப்பது தானாகவே வெடிக்கிறது. ஒவ்வொரு கூழாங்கல் சத்தமும் பிஸ்டன் தலையில் விழும் ஒரு சுத்தியல் அடி. அடி தொடர்ந்தால் ஒருநாள் ஓட்டை விழும். அது இன்றைக்கா நாளைக்கா என்பது மட்டும்தான் தெரியாது.

செனோன் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "மெதுவா போயிடலாம் தங்கச்சி. முதல் கியர்ல. ஊர் என்ன, பக்கத்துலதான்."

அவர் சொன்னதில் கருணை இருந்ததா, சோதனை இருந்ததா என்று அவளுக்குப் புரியவில்லை. முதல் கியரில் போய்ப் பார்த்தாள். கொஞ்ச தூரம் சத்தம் அடங்கியிருந்தது. பிறகு இன்ஜின் சூடேறச் சூடேற அழுத்தாமலே சத்தம் வந்தது. சூட்டுமுள் மேலே ஏறியது. அப்படியே ஊர்ந்து போய்ச் சேர்ந்துவிடலாம். இடமும் கிடைத்துவிடலாம். கிடைத்த பிறகு தினமும் இதே மேட்டில் இதே சத்தத்தோடு ஏற வேண்டும். அவள் வண்டியை நிறுத்தினாள்.

"எழுந்திரிங்கண்ணே."

"எழுந்தா பயணம் முடிஞ்சது. தெரியும்ல?"

"தெரியும். உங்க பின்பக்கத்துக்கும் எப்பவோ தெரிஞ்சிருக்கும்."

செனோன் இறங்கினார். அவள் சீட்டைத் தூக்கினாள். அனல் முகத்தில் அடித்தது. பாவாடை ஓரத்தைக் கையில் சுற்றிக்கொண்டு, போல்ட்டைத் தளர்த்தி, இன்ஜின் ஓட ஓட டிஸ்ட்ரிபியூட்டரைப் பின்னுக்குத் திருப்பினாள். எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு விரல் தடிமன் வைத்தாள். இறுக்கி, ஏறி, அழுத்தினாள். சத்தம் இல்லை. ஊர் வந்து சேர்ந்தார்கள். பயணிகள் இறங்கினார்கள். அவள் ஒரு ஆரஞ்சு வாங்கித் தின்றாள்.

திரும்பி வரும்போது கூரைமேல் காப்பிக்கொட்டை மூட்டைகள். மேகம் வரை வேன் ஒழுங்காக ஏறியது. அதற்கு மேல் காற்று மெலிய மெலிய அதன் உயிர் வடிந்தது. மூன்றாவது போய் இரண்டாவது, இரண்டாவது போய் முதல். மரம் ஏற்றிய லாரி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு முந்திப் போனது.

"ஒருதடவ தூக்கினதும் ரெண்டுதடவ தூக்கினதும் ஒண்ணுதான்" என்றார் பிரிமித்திவோ பின்னாலிருந்து. "தூக்கு தாயி. வீட்டுக்குப் போகணும்ல."

"ஆமாம்மா, தூக்குங்க" என்றார்கள் பயணிகளும்.

பனிச்சாரலில் செனோன் ஒரு காலிச் சாக்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் நெருப்பை மறுபடி முன்னுக்குத் தள்ளினாள். வேன் பிழைத்துக்கொண்டது.

நிலையத்தில் இறங்கியதும் சங்கத்துக்காரர்கள் இருவரும் தள்ளிப்போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். செனோன்தான் சொன்னார்.

"ஓட்டத் தெரியுது. அதுல பேச்சு இல்ல. ஆனா ஊருக்கு ஊர் சீட்டத் தூக்குற வண்டி எங்களுக்கு ஆகாது. இன்ஜின் பத்தல. கார்னிவல் திருவிழாவுக்கு முன்னாடி வேற இன்ஜினோட வா. வரலேன்னா அந்த இடத்த இன்னொருத்தருக்குக் குடுத்துருவோம்."

கொட்டகையில் ஃப்ரோயிலான் முதலில் கேட்ட கேள்வி இடத்தைப் பற்றி அல்ல.

"எவ்வளவு திருப்பின?"

"ரெண்டு விரல்."

"அவ்வளவு திருப்பினா செத்துப்போகும்."

"செத்துச்சு. மேல வரும்போது."

"கீழ சத்தம் வந்தது டைமிங்னாலன்னு எப்படிச் சொல்ற?"

"வா. கேளு."

அவன் கொசுவைச் சொன்னான், வெயிலைச் சொன்னான், கையிலிருக்கும் வேலையைச் சொன்னான். அவள் உள்ளே போய்விட்டாள். கோபமா என்று கேட்டால் இல்லை என்றிருப்பாள். அவன் வர மாட்டான் என்பதில் அவளுக்கு உறுதி இருந்தது. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், டைமிங்கைத் தன் பழைய இடத்துக்கே வைத்து இறுக்கிவிட்டு, அவனாகவே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். பின்னால் சிமென்ட் மூட்டைகளை ஏற்றியிருந்தான், ஆள் பாரத்துக்கு.

கணவாய் தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்றினான். மேகம் தாண்டியதும் இன்னொன்றை. பாலத்தருகே பனியனோடு உட்கார்ந்திருந்தான். கல் பாதையில் அவள் அழுத்தினாள். வேன் பாய்ந்தது. அவன் வாய் லேசாகத் திறந்தது. பிறகு சத்தம் வந்தது. அவன் உள்ளங்கையைச் சீட்டின்மேல் வைத்து, நோயாளியின் நெற்றியைத் தொடுகிறவன்போல், கொஞ்ச தூரம் கேட்டுக்கொண்டே வந்தான்.

"போதும். கால எடு."

இறங்கி நின்று ஆழமாக மூச்சு இழுத்தான். இன்னொரு முறை இழுத்தான்.

"இந்தக் காத்துல எவன் வேணாலும் மெக்கானிக் ஆயிரலாம்" என்றான்.

வீடு நெருங்கும்போதுதான், ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டாயிரத்து நானூறு" என்றான். கவிழ்ந்த வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய இன்ஜின் தெருவின் கடைசிக் கொட்டகையில் கிடந்தது. தாங்கிகளை வெட்டி ஒட்டி, கார்னிவலுக்கு முன்பே பொருத்திவிட்டான். பொறியை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தபோது நெமேசியா கம்பெனிக் கோட்டிலேயே என்றாள். அவன் துணியால் துடைத்துத் துடைத்துத்தான் அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது சோதனைப் பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. செனோன் பாதி வழி தூங்கினார். கல் பாதையில் சத்தம் இல்லை. கணவாயில் மூன்றாவது கியர் தாங்கியது. சங்கத்தில் வண்டிகள் புறப்படும் வரிசையில் அவளுக்குக் கடைசி முறை கொடுத்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுப்பது அதுதான். முதல் சில மாதங்கள் கடைசி வண்டியில் ஏற ஆள் குறைவாகவே இருந்தது, பிறகு பழகிவிட்டது.

வீட்டில்தான் ஒன்று மிச்சம் இருந்தது. எல் ஆல்ட்டோவில், அந்த உயரத்தில், கம்பெனிக் கோட்டில் நிற்கிற இன்ஜின் தன்னால் முடிந்ததைவிடக் குறைவாகவே வேலை செய்யும். பெரிய இன்ஜின் என்பதால் அந்தக் குறை பயணிகளுக்குத் தெரியாது. ஃப்ரோயிலானுக்குத் தெரியும். காலையில் அவள் ஸ்டார்ட் செய்ததும் வருகிற அந்த மந்தமான சத்தம் அவனுக்குப் பல் கூசுவதுபோல் இருந்தது.

"ஒரே ஒரு விரல் நெமே. கணவாய்ல பறக்கும்."

"கீழ?"

"கீழ நீ மெதுவா போ."

"கையை எடு."

அவளுக்கும் அது தெரியாமல் இல்லை. எடுக்கக்கூடிய பலத்தை எடுக்காமல் விட்டுத்தான் தினமும் கிளம்புகிறாள். அதை நினைத்துச் சில நாள் உறுத்தும். தான் செய்வது புத்தியா, பயமா என்றும் தோன்றும். பிறகு பாலத்துக்குப் பிந்தைய மேடு வரும். சத்தம் வராது.

இப்போதெல்லாம் அவள் சாவியைத் திருப்பும் முன்பே ஃப்ரோயிலான் எழுந்து கொட்டகைக்குள் போய்விடுகிறான். உள்ளே ஏதாவது இரும்பைத் தட்டும் ஓசை கேட்கும். அவள் இன்ஜின் சூடாகும்வரை காத்திருந்துவிட்டு, தெருவைத் தாண்டி, நிலையத்துக்குப் போகிறாள்.